வாரியர் குரூப்புல நிக்கற ஷாமனுக்கு எந்த டேலண்ட் சரி? 0/5/46, 0/12/39, 0/22/29

புதுடோட்டம்:

வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் எரா, ஹோர்ட் பக்கம், லெவல் 60 ட்ரோல் ஷாமன். கில்ட் மோல்டன் கோர் ரெய்டை வாராவாரம் முடிக்குது, அடுத்து பிளாக்விங் லேர். 40 பேர் ரெய்டுல மொத்தம் மூணு ஷாமன்தான். ரெய்டு லீடர் என்னை மூணு வாரியர், ஒரு ரோக் இருக்கற குரூப்புல போட்டிருக்கார். வேலை ஹீலிங், கூடவே டோட்டம் (தரையில நட்டு குரூப்புக்குப் பலன் தர்ற தூண்).

கையேடுகள்ல பாதி 0/5/46 (எலிமென்டல்/என்ஹான்ஸ்மென்ட்/ரெஸ்டோரேஷன்னு மூணு டேலண்ட் மரத்துல போடற புள்ளி) எடுத்து மானா டைட் டோட்டம் வாங்கச் சொல்லுது. மீதி, மெலீ (கிட்ட நின்னு அடிக்கற) குரூப்னா 0/22/29 எடுத்து இம்ப்ரூவ்டு வெப்பன் டோட்டம்ஸ் வரைக்கும் போகச் சொல்லுது. எது சரி? இன்னொண்ணு, சண்டை பாதியிலேயே மானா (மந்திரம் போடற சக்தி) காலியாகுது. பக்கத்து ஆளுக்குத் தாவற செயின் ஹீலோட மூணாவது ரேங்க், அதாவது பெரிய நிலைதான் போடறேன். அது தப்பா?

தண்டர்பிளஃப்காளை:

ரெஸ்டோரேஷன் மரத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி குரூப் பட்டியலைப் பாருங்க. ஷாமனோட டோட்டம் 40 பேருக்கும் போகாது, உங்க குரூப்ல இருக்கற 5 பேருக்கு மட்டும்தான். அதனால நீங்க எந்த குரூப்ல நிக்கறீங்கங்கறதுதான் டேலண்டைத் தீர்மானிக்கணும். அந்தக் கையேடுகள் ரெண்டுமே தப்பில்லை, வேற வேற குரூப்பை மனசுல வெச்சு எழுதினது.

மானா டைட் மூணாவது ரேங்க் 12 நொடியில 3 நொடிக்கு 290 வீதம், தலைக்கு 1160 மானா தரும். கூல்டவுன் 5 நிமிஷம். ஹீலர் குரூப்ல நின்னா 5 பேருக்கும் சேர்த்து 5800. அங்க இதுக்கு ஈடா வேற எந்த டேலண்டும் கிடையாது, கண்ணை மூடிக்கிட்டு 0/5/46 போடலாம். உங்க குரூப்ல மானா இருக்கறது உங்க ஒருத்தருக்குத்தான். வாரியருக்கு ரேஜ், ரோக்குக்கு எனர்ஜி. அதே டோட்டம் அங்க நாலரை செயின் ஹீலுக்கான மானாவோட முடிஞ்சுடுது.

அதுக்காக 0/22/29 பக்கம் ஓடவேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்க. விண்ட்ஃப்யூரி டோட்டம் மூணாவது ரேங்க், மெயின் ஹேண்ட் (முதன்மைக் கை) அடிக்கு 20% வாய்ப்புல ஒரு கூடுதல் அடி தரும். அந்த அடிக்கு 315 அட்டாக் பவர் சேரும். இம்ப்ரூவ்டு வெப்பன் டோட்டம்ஸ் இந்த 315-ஐத்தான் 30% ஏத்துது, அதாவது 94 கூடுது. அட்டாக் பவரை 14-ஆல வகுத்து ஆயுதத்தோட வேகத்தால பெருக்கணும். 2.6 வேக வாள்னா ஒரு கூடுதல் அடிக்கு சுமார் 17 டேமேஜ். நிமிஷத்துக்கு 40 மெயின் ஹேண்ட் அடி விழுந்தா அதுல 8 தடவை விண்ட்ஃப்யூரி வரும். 8 தடவை 17, நிமிஷத்துக்கு 136. ஒரு ஆளுக்கு நொடிக்கு ரெண்டு சொச்சம் டேமேஜ், அதுவும் பாஸோட ஆர்மர் கழிக்கறதுக்கு முன்னாடி. இதுக்காக எதுக்கும் உதவாத டேலண்டுகள்ல 8 புள்ளி போட்டு, மேல 2 புள்ளி வைக்கணும். ரெஸ்டோரேஷன்ல 10 புள்ளி போயிடும், ஹீலிங்கை ஏத்தற பியூரிஃபிகேஷன்கூட முழுசா 5 வராது.

நடுவுல இருக்கற 0/12/39 தான் உங்களுக்கானது. என்ஹான்ஸ்மென்ட்ல ஆன்செஸ்ட்ரல் நாலெட்ஜ் 5, கார்டியன் டோட்டம்ஸ் 2, இம்ப்ரூவ்டு கோஸ்ட் வுல்ஃப் 2, ஷீல்ட் ஸ்பெஷலைசேஷன் 1, அதுக்கு மேல என்ஹான்ஸிங் டோட்டம்ஸ் 2. கடைசி ரெண்டு புள்ளி ஸ்ட்ரெங்த் ஆஃப் எர்த் டோட்டத்தை 15% ஏத்தும். அஞ்சாவது ரேங்க்ல 77 ஸ்ட்ரெங்த், 88 ஆகும். வாரியருக்கு ஒரு ஸ்ட்ரெங்த்துக்கு 2 அட்டாக் பவர், அதனால 22 கூடும். ரோக்குக்கு 11. இது 20% வாய்ப்பெல்லாம் பார்க்காம எல்லா அடியிலயும், வாரியரோட பிளட்தர்ஸ்ட் அடியிலயும் சேரும். அஞ்சாவது ரேங்க் ரூயின்ஸ் ஆஃப் ஆன்கிராஜ்ல விழற பலகையில இருந்துதான் கத்துக்க முடியும். அது கிடைக்கறவரை நாலாவது ரேங்க், 61 ஸ்ட்ரெங்த். அந்தப் பலகை விழுந்தா மெலீ குரூப் ஷாமனுக்கு முதல்ல கொடுங்கன்னு லீடர்கிட்ட கேளுங்க.

ரெஸ்டோரேஷன் 39: டைடல் ஃபோகஸ் 5, இம்ப்ரூவ்டு ஹீலிங் வேவ் 5, டோட்டமிக் ஃபோகஸ் 5, ஆன்செஸ்ட்ரல் ஹீலிங் 3, டோட்டமிக் மாஸ்டரி 1, ஹீலிங் கிரேஸ் 3, டைடல் மாஸ்டரி 5, ரெஸ்டோரேட்டிவ் டோட்டம்ஸ் 5, நேச்சர்ஸ் ஸ்விஃப்ட்னெஸ் 1, பியூரிஃபிகேஷன் 5, மானா டைட் 1.

மெலீ குரூப்ல மானா டைட் எதுக்குன்னு கேப்பீங்க. அதையும் ரெஸ்டோரேட்டிவ் டோட்டம்ஸையும் விட்டா 6 புள்ளி மிஞ்சும். அதைக் கொண்டு போய் வைக்க உருப்படியான இடம் இல்லை. வெச்சிருந்தா, இன்னொரு ஷாமன் வராத வாரம் உங்களை ஹீலர் குரூப்புக்கு மாத்தினாலும் அதே டேலண்ட் ஓடும். டேலண்டை அழிச்சு மாத்தற ரெஸ்பெக் முதல் தடவை 1 கோல்டு, அடுத்தது 5, அப்புறம் அஞ்சஞ்சா ஏறி 50-ல நிக்கும். வாரம் ரெண்டு தடவை மாத்தினா மருந்து வாங்கற காசு அங்க போயிடும்.

சங்கிலிமருந்து:

டேலண்ட்ல காளை சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் மாறுபடறேன், இம்ப்ரூவ்டு ஹீலிங் வேவ் 5. மெலீ குரூப்ல நிக்கறவர் பெரும்பாலும் செயின் ஹீல்தான் போடுவார். அந்த டேலண்ட் செயின் ஹீலைத் தொடவே தொடாது. நேச்சர்ஸ் ஸ்விஃப்ட்னெஸோட போடற ஹீலிங் வேவ் உடனே போகும், அதுக்கும் தேவையில்லை. டேங்க் ஹீலிங் உங்க பொறுப்பு இல்லைன்னா அந்த 5-ஐ ஹீலிங் ஃபோகஸ்ல வைங்க, அடி வாங்கினாலும் காஸ்ட் பின்னுக்குப் போகாம 70% வாய்ப்புல காக்கும். டோட்டம் வைக்க முன்னாடி போய் நிக்கற ஷாமனுக்கு அது நிறைய உதவும். டேங்கையும் பார்க்கறீங்கன்னா காளை சொன்னபடியே வைங்க.

மானா காலியாகறதுக்குக் காரணம் ரேங்க்தான். செயின் ஹீலோட மூணு ரேங்குக்கும் காஸ்ட் நேரம் ஒண்ணு, 2.5 நொடி. காஸ்ட் நேரத்தை வெச்சுத்தான் கியர்ல இருக்கற ஹீலிங் போனஸ் சேரும், 2.5-ஐ 3.5-ஆல வகுத்தா 71%. முதல் ரேங்க் லெவல் 40-ல கத்துக்கறது. லெவல் 20-க்குக் கீழ கத்துக்கற மந்திரத்துக்குத்தான் போனஸ் குறையும், இதுக்குக் குறையாது. 600 ஹீலிங் இருக்கற கியர்ல, பியூரிஃபிகேஷனையும் சேர்த்தா, முதல் ரேங்க் முதல் ஆளுக்கு சுமார் 850 தரும், மூணாவது ரேங்க் சுமார் 1120. டைடல் ஃபோகஸ் கழிச்சு முதல் ரேங்குக்கு 247 மானா, மூணாவதுக்கு 385. மானா 56% கூடுதலாப் போகுது, ஹீலிங் 32%தான் கூடுது. அதுக்கப்புறம் இரண்டாவது ஆளுக்குப் பாதி, மூணாவது ஆளுக்குக் கால் பங்குன்னு தாவறது ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

அதனால முதல் ரேங்க்தான் அன்றாடச் சோறு. மெலீ ஆளுங்க மொத்தமா ரத்தம் இழக்கற நேரத்துல மட்டும் மூணாவது. பேருக்கு ஒருத்தர்தான் அடிபட்டிருக்கார், பக்கத்துல யாருமில்லைன்னா செயின் ஹீலே வேண்டாம், லெஸ்ஸர் ஹீலிங் வேவ் போடுங்க. தாவ ஆள் இல்லாத செயின் ஹீல்ல மானா வீண்.

கியர்ல ஸ்பிரிட்டைத் தேடாதீங்க. மானா செலவு பண்ணின 5 நொடிக்கு ஸ்பிரிட் வழியா வர்ற மானா நின்னுடும். ஷாமன் விடாம காஸ்ட் பண்ணிட்டே இருப்பார், அதனால 5 நொடிக்கு இத்தனை மானான்னு எழுதியிருக்கற பொருள்தான் உதவும். மேஜ்பிளட் போஷன் 12, பிரில்லியன்ட் மானா ஆயில் 12 மானாவும் 25 ஹீலிங்கும், நைட்ஃபின் சூப் 8. மூணும் ஒண்ணுக்கொண்ணு மோதாது. மேஜர் மானா போஷன் 1350-ல இருந்து 2250 வரை தரும், அதனால 2250 குறைஞ்ச உடனே முதல் போஷனைக் குடிங்க. காலியாகறவரை காத்திருந்தா ரெண்டு நிமிஷ கூல்டவுன் ஒரு சுத்து வீணாப் போயிடும். டெமோனிக் ரூனுக்குத் தனி கூல்டவுன், 900-ல இருந்து 1500. 600-ல இருந்து 1000 வரை உயிரைப் பிடுங்கும், பாஸ் மொத்தமா அடிக்கப் போற நொடியில தொடாதீங்க.

டி2 (டயர் 2) கவச செட்டான டென் ஸ்டார்ம்ஸ்ல 3 துண்டு சேர்ந்தா, முதல் ஆளைத் தாண்டிப் போற செயின் ஹீல் 30% கூடும். பிளாக்விங் லேர்ல மெலீ குரூப் ஷாமனுக்கு ஏலம் கேட்கத் தகுந்த முதல் பொருள் அதுதான்.

ஓர்க்ரிமார்வாசி:

டேலண்ட் பத்திப் பேசியாச்சு. ரெய்டுல தப்பு நடக்கறது பெரும்பாலும் டோட்டம் வைக்கற இடத்துலதான், அதைச் சொல்றேன்.

முதல் தப்பு ஆயுதத்துல. விண்ட்ஃப்யூரி டோட்டம் மெயின் ஹேண்ட் ஆயுதத்துல தற்காலிகமா ஒட்டற விளைவு. அங்க ஏற்கெனவே ஷார்ப்பனிங் ஸ்டோனோ விஷமோ இருந்தா ஒட்டாது, எந்த எச்சரிக்கையும் வராது. ரோக் பழக்கத்துல ரெண்டு கத்தியிலயும் விஷம் தடவிட்டு வருவார். பாஸ் இழுக்கறதுக்கு முன்னாடி, மெயின் ஹேண்ட் வெறுமையா இருக்கட்டும், ஆஃப் ஹேண்ட்ல என்ன வேணா போடுங்கன்னு குரூப் சாட்ல எழுதிடுங்க. கேட் வடிவத்துல இருக்கற ட்ரூயிட் குரூப்ல வந்தா அவருக்கு விண்ட்ஃப்யூரி ஒட்டாது, அஜிலிட்டியை ஏத்தற கிரேஸ் ஆஃப் ஏர் டோட்டம்தான் பயன்.

ரெண்டாவது, தூரம். டோட்டமோட எல்லை 20 யார்டு, டோட்டமிக் மாஸ்டரி இருந்தா 30. நீங்க 40 யார்டு பின்னாடி நின்னு ஹீல் பண்ற ஆள்னா, காலடியில வெச்ச டோட்டம் வாரியருக்கு எட்டாது. முன்னாடி போய் வெச்சுட்டுப் பின்னாடி வாங்க. விண்ட்ஃப்யூரி, ஸ்ட்ரெங்த் ஆஃப் எர்த் ரெண்டுமே 2 நிமிஷம் நிக்கும், மானா ஸ்பிரிங் 1 நிமிஷம். அந்தந்த நேரத்துக்கு நினைவூட்டற ஆட்-ஆன் ஒண்ணு வெச்சுக்கங்க.

மூணாவது, நிலம், தண்ணி, தீ, காத்துன்னு ஒரு பூதத்துக்கு ஒரு டோட்டம்தான். மேக்மடார், நெஃபாரியன், ஒனிக்ஸியாவோட மூணாம் கட்டம் எல்லாத்துலயும் ஃபியர் (பயந்து ஓட வைக்கறது) வரும். அதை நீக்கற ட்ரெமர் டோட்டம் நிலம், அதனால அங்க ஸ்ட்ரெங்த் ஆஃப் எர்த்தை விட்டுடணும். ஃபியர் விழுந்த பிறகு ட்ரெமர் வைக்க முடியாது, முன்னாடியே வெச்சிருந்தாத்தான் அது தன் வேலையைச் செய்யும். ரக்னராஸுக்கு ஃபயர் ரெசிஸ்டன்ஸ் டோட்டம், 60 ரெசிஸ்டன்ஸ். பேர் ஃபயர்னாலும் அது தண்ணி டோட்டம், மானா ஸ்பிரிங்கும் மானா டைட்டும் அங்க கிடையாது. அந்தச் சண்டைக்கு போஷனைக் கூடுதலா எடுத்துட்டுப் போங்க. ஆன்கிராஜ்ல ஹுஹுரானுக்கு நேச்சர் ரெசிஸ்டன்ஸ் வைக்கணும், அது காத்து, விண்ட்ஃப்யூரி போயிடும்.

குரோமாகஸ் பாஸ் போடற அஞ்சு நிற பாதிப்புல சிவப்பு நோய், பச்சை விஷம். விஷம் நீக்கற டோட்டமும் நோய் நீக்கற டோட்டமும் தண்ணிதான். விஷத்துக்கு டோட்டம் வைங்க, நோயை க்யூர் டிசீஸ் போட்டுக் கையால எடுங்க. அஞ்சு நிறமும் ஒரே ஆள் மேல சேர விடக்கூடாது, சேர்ந்தா அவர் ட்ராகனா மாறி நம்மையே அடிப்பார்.

நெஃபாரியன் ரெண்டாம் கட்டத்துல இருந்து ஒவ்வொரு கிளாஸாக் கூப்பிடுவார், ஷாமனைக் கூப்பிட்டா உங்க பக்கத்துல எதிரிக்கு வேலை செய்யற டோட்டம் முளைக்கும். அந்த டோட்டங்களை உடனே உடைக்க ஒரு வாரியரை முன்கூட்டியே சொல்லி வைங்க.

தீ இடத்தை மெலீ குரூப்ல காலியா விடறதுதான் நல்லது. சியரிங் டோட்டம் தானா இலக்கைத் தேர்ந்தெடுக்கும். மேஜ் ஆடாக்கி வெச்ச எதிரியைச் சுட்டு எழுப்பிடும்.

புதுடோட்டம்:

மூணு பேருக்கும் நன்றி. 0/12/39 போடறேன், டேங்க் என் பொறுப்பு இல்லை, அதனால ஹீலிங் ஃபோகஸ். ஒரே ஒரு சந்தேகம். விண்ட்ஃப்யூரியையும் கிரேஸ் ஆஃப் ஏரையும் மாத்தி மாத்தி வைக்கறாங்களே, அதை நான் செய்யணுமா?

தண்டர்பிளஃப்காளை:

ஹீல் பண்ணிக்கிட்டே செய்ய முடியாது. விண்ட்ஃப்யூரி ஆயுதத்துல ஒட்டினா டோட்டம் போன பிறகும் 10 நொடி இருக்கும். அதுக்குள்ள கிரேஸ் ஆஃப் ஏர் வெச்சு, பத்தாவது நொடிக்கு முன்னாடி மறுபடி விண்ட்ஃப்யூரி வைக்கறதுதான் அந்த வித்தை. ஒன்பது நொடியை இலக்கா வைங்க, இல்லைன்னா நடுவுல ஆயுதம் வெறுமையா நிக்கும். ஒரு சுத்துக்கு ஐநூறு மானாவுக்கு மேல, டோட்டமிக் ஃபோகஸ் கழிச்சாலும் நானூறுக்கு மேல. அதைவிடப் பெருசு, ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு குளோபல் கூல்டவுன் (ஒரு மந்திரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல வர்ற கட்டாய இடைவெளி) ஹீலுக்கு இல்லாமப் போயிடும்.

ஒரே விதிவிலக்கு பிளாக்விங் லேர் பாஸ் வேலஸ்ட்ராஸ். சண்டை தொடங்கினதும் அவர் ரெய்டு முழுக்கக் கொடுக்கற சக்தி நொடிக்கு 500 மானா நிரப்பும், மூணு நிமிஷம் நிக்கும். அங்க மானாங்கற பேச்சே இல்லை. செயின் ஹீல் மூணாவது ரேங்க் போடுங்க, தண்ணியில ஃபயர் ரெசிஸ்டன்ஸ், நிலத்துல ஸ்ட்ரெங்த் ஆஃப் எர்த், ரெண்டு ஹீலுக்கு நடுவுல காத்து டோட்டத்தை மாத்துங்க. மானா டைட்டை அங்க தொடவேண்டாம், நெருப்புத் தடுப்பைத் தூக்கி எறிஞ்சுட்டுத்தான் அது நிக்கும்.

சங்கிலிமருந்து:

மானா டைட் பத்தி ஒரு வரி. 12 நொடி ஓடறதுக்குள்ள பழக்கதோஷத்துல மானா ஸ்பிரிங்கை அழுத்தினா மானா டைட் அப்படியே மறைஞ்சுடும், ரெண்டும் தண்ணி. ரெண்டையும் ஒரே பட்டன் வரிசையில வைக்காதீங்க. 12 நொடி முடிஞ்சதும் மானா ஸ்பிரிங்கை மறுபடி வைக்கணும், அது தானாத் திரும்பி வராது.