எம்.எஸ்சி. வேதியியல் முடித்தாச்சு: பிஎச்.டி.யா, வேலையா?

நெய்தல்: கரிம வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தேன். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது பிஎச்.டி. செய்ய மாத உதவித்தொகை, கிடைத்திருக்கிறது. ஹைதராபாத்தில் ஒரு மருந்து கம்பெனியிலும் எடுத்துவிட்டார்கள், மாதம் 25,000. வீட்டில் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்கு ஆராய்ச்சிதான் ஆசை. வழி சொல்லுங்கள்.

வடிதாள்: வேலைக்குப் போங்க தம்பி. நான் ஒரு சேர்மத்தைப் பதினான்கு படிகளில் உருவாக்கும் பிஎச்.டி. ஆய்வில் மூன்று வருடம் கிடந்தேன். பதினோராவது படி கடைசிவரை ஓடவே இல்லை. கைடு தலைப்பை மாற்றச் சொன்னார், மறுபடி முதலிலிருந்து. வெளியே வரும்போது வயது முப்பது. கல்லூரி வேலைக்காகத்தான் பிஎச்.டி. என்றால், உதவிப் பேராசிரியர் ஆக நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று 2023 ஜூலையிலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லிவிட்டது.

சிலிக்கா: வடிதாள் அண்ணா, ஜேஆர்எஃப் தொகை மாதம் 37,000. இரண்டு வருடம் கழித்து 42,000. வாடகைப்படி தனி. அந்த 25,000-ஐ விட இது அதிகம்தானே? நான் இருக்கும் கம்பெனியில் எம்.எஸ்சி. முடித்தவர்கள் பத்து வருடமாக அடுத்தவர் எழுதிக் கொடுத்த வினையைத்தான் செய்கிறார்கள். எந்த மூலக்கூறைச் செய்வது என்று தீர்மானிப்பவர்கள் எல்லாரும் பிஎச்.டி. அப்புறம் இன்னொன்று. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, சேர்மங்களைப் பிரிக்கும் சிலிக்கா நிரப்பிய குழாயில் மஞ்சள் பட்டை மெல்ல இறங்கி வந்தது. கலப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டிஎல்சி தகட்டைப் புற ஊதா (யுவி) விளக்கில் காட்டினேன், ஒரே புள்ளி, கலப்பு தெரியவில்லை. அதுவரை யாருமே செய்யாத சேர்மம் அது. அந்த ராத்திரிக்காகவே இன்னொரு ஐந்து வருடம் கொடுப்பேன்.

வடிதாள்: 37,000 சரி, என்றைக்கு வரும்? எனக்கு ஒருமுறை எட்டு மாதம் கழித்து மொத்தமாக வந்தது. அதுவரை மெஸ் பாக்கி. உதவித்தொகையும் ஐந்து வருடம்தான். ஆய்வு ஆறாவது வருடத்துக்கு இழுத்தால் கைக்காசுதான்.

சிலிக்கா: தாமதமாகும், அது உண்மை. அதனால்தான் கைடைப் பார்த்துச் சேர வேண்டும் என்கிறேன். தம்பி, அவரிடம் முடித்தவர்கள் நாலு பேரிடமாவது பேசுங்கள். எத்தனை வருடம் ஆனது, பாதியில் விட்டவர்கள் யார், ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். ஜேஆர்எஃப் கடிதத்தில் எதுவரை செல்லும் என்று தேதி இருக்கும், அதையும் பாருங்கள்.

நெய்தல்: ஒன்று சொல்லாமல் விட்டேன். இரண்டு லட்சம் கல்விக்கடன் இருக்கிறது.

சிலிக்கா: தவணையை உதவித்தொகையிலேயே கட்டலாம். ஆறு மாதச் செலவுக்கு மட்டும் கையில் பணம் வைத்துக்கொண்டு சேருங்கள்.

வடிதாள்: அந்த ஆறு மாதப் பணத்துக்கு அவர் எங்கே போவார்? நான் முதலிலிருந்து கேட்பது அதைத்தான்.