சித்திரை விடுமுறையும் புலமைப்பரிசிலும்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியவை

தங்கச்சி, விசுவமடு (காலை 6.40)
எல்லோருக்கும் காலை வணக்கம். மகளுக்குப் பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டது. ஆகஸ்டில் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால், ரியூசனில் இந்த விடுமுறைக்கென்று காலை எட்டு மணி முதல் பின்னேரம் நான்கு மணிவரை விசேட வகுப்பு வைத்திருக்கிறார்கள்; ஒவ்வொரு நாளும் ஒரு முழு வினாத்தாள் செய்விக்கிறார்கள். நேற்றைய தாளில் 200க்கு 118 எடுத்திருக்கிறாள், படம் கீழே இருக்கிறது. இன்று காலை வயிறு வலிக்கிறது என்று சொல்லி எழும்ப மறுக்கிறாள். போன கிழமையும் இப்படித்தான் சொன்னாள். வைத்தியர் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒரு வருத்தமும் இல்லை, பிள்ளைக்கு ஏதோ பயம் இருக்கிறது என்றார். இவளைத் தொடர்ந்து வகுப்புக்கு அனுப்புவதா, வீட்டில் வைத்து நானே படிப்பிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி, முத்தையன்கட்டு (காலை 6.58)
தங்கச்சி, 118 போதாது. வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவாக எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி, எவ்வளவு வருமென்று பெறுபேறு வரும்வரை யாருக்கும் தெரியாது. ஆனாலும் இந்தப் புள்ளியை நம்பி இருக்க முடியாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பாடசாலையில் தரம் ஆறுக்கு இடம் கிடைக்க இருக்கிற நேரான வழி இந்தப் பரீட்சைதான். நான்கு மாதம் கஷ்டப்பட்டால் அதன் பயன் பல வருடங்களுக்கு இருக்கும். வகுப்பை நிறுத்த வேண்டாம் என்பதே என் எண்ணம்.

பெரியக்கா, முள்ளியவளை (காலை 7.25)
தங்கச்சி, முதலில் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழித்துவிடு. பிள்ளை உன் போனை எடுத்துப் பார்க்கிறவள். தன்னுடைய புள்ளியைப் பற்றி மாமாவும் பெரியம்மாமாரும் பேசுவதை அவள் வாசித்தால், அடுத்த தாளை எழுதும்போது வினாவை விட எங்கள் முகங்கள்தான் அவளுக்கு முன்னால் நிற்கும். பிழை விட்ட பக்கங்களை மட்டும் எனக்குத் தனியாக அனுப்பு. தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. 1940களில் கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளைகள் மத்திய கல்லூரிகளில் தங்கிப் படிக்கட்டும் என்று தொடங்கிய உதவி இது. எங்களைப் போன்ற ஊர்களுக்கு அது இன்றும் தேவை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை விடுமுறையிலும் எட்டு மணித்தியாலம் வாங்கில் இருத்திவைப்பது அந்த உதவியைப் பெறுவதற்கான வழி அல்ல. முப்பது வருடத்துக்கு மேலாக ஆரம்பப் பிரிவில் படிப்பித்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

தங்கச்சி, விசுவமடு (காலை 7.31)
படத்தை அழித்துவிட்டேன் அக்கா. பக்கங்களை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

சின்னக்கா, சட்டன், லண்டன் (இலங்கை நேரம் காலை 11.50)
இப்போதுதான் எழும்பி எல்லாவற்றையும் வாசித்தேன். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். இங்கே அரசாங்கத்தின் கிராமர் பாடசாலைகளுக்குப் பதினொரு வயதில் நுழைவுச் சோதனை வைக்கிறார்கள். முழு இங்கிலாந்திலும் அப்படியான பாடசாலைகள் 163 மட்டுமே இருப்பதால் போட்டி கடுமையானது. எங்கள் பகுதியில் முதற்கட்டச் சோதனை செப்டெம்பரில் நடக்கும்; ஆங்கிலமும் கணிதமும் பல்தேர்வு வினாக்களாக வரும். ஜூலைக் கடைசியில் தொடங்கும் ஆறு கிழமைக் கோடை விடுமுறை முடிந்த கையோடு சோதனை வந்துவிடுகிறது. அதனால் அந்த விடுமுறை முழுவதையும் படிப்புக்கே கொடுத்துவிடும் தமிழ்க் குடும்பங்கள் என்னைச் சுற்றிப் பல இருக்கின்றன. என் மகனுக்கு இப்போது ஈஸ்டர் விடுமுறை. அவனோடு எப்படி நடந்துகொள்வது என்று எனக்கும் சொல்லுங்கள் அக்கா.

பெரியக்கா, முள்ளியவளை (பிற்பகல் 1.15)
தங்கச்சி அனுப்பிய பக்கங்களை ஆறுதலாக இருந்து பார்த்தேன். 118 என்ற எண்ணுக்குள் இருப்பதை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலாம் வினாத்தாளில் நாற்பது வினாக்களுக்கு ஒரு மணித்தியாலம் தருகிறார்கள். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் வரும். இரண்டாம் வினாத்தாளில் அறுபது வினாக்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். அங்கே ஒரு வினாவுக்கு ஒன்றேகால் நிமிடம்தான். இந்தக் கணக்கைப் பெரியவர்கள் தெரிந்து வைத்திருக்கலாம், ஆனால் பிள்ளையின் தலைக்கு மேல் மணிக்கூட்டைத் தொங்கவிடக் கூடாது. மகளின் முதலாம் தாளில் 'பொருந்தாதது எது', 'சரியல்லாத கூற்று எது' என்று கேட்ட வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அவள் பொருந்துவதையும் சரியானதையும் தெரிவுசெய்திருக்கிறாள். விடை தெரியாத பிள்ளை அப்படி எழுதமாட்டாள். வினாவின் கடைசிச் சொல்லை வாசிக்க முன்னமே விடைக்கு ஓடுகிற பிள்ளைதான் அப்படி எழுதுவாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டாலே இந்தப் பயம் வந்துவிடும். இன்னும் ஐம்பது தாள் செய்வித்தாலும் ஓட்டம் கூடுமே தவிர இந்தப் பிழை குறையாது. வீட்டில் ஒரு தடவைக்குப் பத்து வினா மட்டும் கொடு. விடை எழுதச் சொல்லாதே. என்ன கேட்கிறார்கள் என்பதைக் காட்டும் சொல்லின் கீழ் பென்சிலால் கோடு கீறச் சொல். பத்துக்கும் கோடு கீறிய பிறகு விடைக்குப் போகட்டும். ஒரு கிழமை இப்படிச் செய்தால் கண் தானாகவே அந்தச் சொல்லில் நிற்கப் பழகிவிடும்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 'ஒரு வரிசையில் மாலா முன்னிருந்து 7ஆவதாகவும் பின்னிருந்து 12ஆவதாகவும் நிற்கிறாள். வரிசையில் எத்தனை பேர்?' மகள் 19 என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் சிவப்பால் பிழை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சரியான விடை 18 என்று நீயும் சொல்லிவிடாதே. முற்றத்தில் அவளோடு இருந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கு. ஒரு கொட்டையை மட்டும் சுண்ணாம்பு பூசி மாலா ஆக்கு. முன்னிருந்து ஏழு எண்ணட்டும், பிறகு பின்னிருந்து பன்னிரண்டு எண்ணட்டும். மாலாவை இரண்டு தரம் எண்ணிவிட்டோம் என்பதை அவளே கண்டுபிடிக்கும்போது அவளுடைய முகத்தைப் பார். அதன் பிறகு எண்களை எப்படி மாற்றிக் கேட்டாலும் அவள் பிழை விடமாட்டாள்.

தம்பி, முத்தையன்கட்டு (பிற்பகல் 1.40)
விளங்குகிறது பெரியக்கா. ஆனால் இரண்டாம் தாளில் தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், ஆங்கிலம், சிங்களம் என்று எத்தனை பாடங்கள் வருகின்றன. அவ்வளவையும் புளியங்கொட்டை வைத்துப் படிப்பிக்க முடியுமா?

பெரியக்கா, முள்ளியவளை (பிற்பகல் 2.05)
முடியாதுதான் தம்பி, பாடப்புத்தகமும் வேண்டும், கடந்தகால வினாத்தாளும் வேண்டும். ஆனால் சுற்றாடலைப் பொறுத்தவரை வன்னிப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு நகரத்துப் பிள்ளைக்கு இல்லை. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவும், பேராற்றை மறித்து உங்கள் முத்தையன்கட்டுக் குளமும் கட்டப்பட்டிருப்பதைப் புத்தகத்தில் மனனம் செய்கிற பிள்ளை மறந்துவிடும்; அணைக்கட்டில் நின்று துருசு திறந்து தண்ணீர் வாய்க்காலுக்குள் ஓடுவதைக் கண்ட பிள்ளை மறக்காது. நீ சிறுபோகத்துக்கு வயலைப் பண்படுத்தும் நாட்களில் அவளை இரண்டு நாள் கூட்டிப் போ. பெரும்போகத்துக்கு வானத்து மழையையும் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீரையும் ஏன் நம்புகிறோம் என்று அவளே உன்னிடம் கேட்கட்டும். அன்றிரவு, தான் கண்டதைப் பற்றி ஐந்து வசனம் தன் கொப்பியில் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். எழுதி முடித்த உடனே சிவப்புப் பேனையை எடுக்காதீர்கள்.

சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நாளுக்குக் கால் மணித்தியாலம் வாய்விட்டு வாசித்தால் இப்போதைக்குப் போதும்.

பெரியக்காவின் மகள், வவுனியா (பிற்பகல் 3.30)
சின்னம்மா, நான் இதற்குள் பேசலாமோ தெரியவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. நான் இந்தப் பரீட்சையை எழுதியது 2009ஆம் ஆண்டு, செட்டிகுளம் முகாமில் இருந்தபோது. புத்தகம் எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. அந்த மாதங்களில் அம்மா எனக்குச் செய்தது ஒன்றுதான்: பின்னேரத்தில் கூடாரத்துக்கு வெளியே இருந்து, யாரிடமாவது கிடைத்த பழைய பத்திரிகைத் துண்டை என்னை வாசிக்கச் சொல்லி, அதில் இருந்தே கேள்வி கேட்பார். விடை பிழைத்தால் 'திரும்ப ஒருக்கால் வாசிப்போம்' என்பார். வேறு ஒரு சொல்லும் சொல்லமாட்டார். வெட்டுப்புள்ளிக்கு மேலே நான் வரவில்லை. தரம் ஆறுக்குச் சாதாரணமாகவே ஒரு பாடசாலையில் சேர்ந்தேன், உயர்தரம் வரை அங்கேயே படித்தேன், பிறகு கல்வியியற் கல்லூரிக்குப் போனேன், இப்போது நானும் தரம் ஐந்துக்குத்தான் படிப்பிக்கிறேன். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறுகிற ஓர் எல்லை. அதற்குக் கீழே நின்றால் படிப்பு முடிந்துவிடும் என்று மட்டும் உங்கள் மகளுக்குத் தோன்றவிடாதீர்கள். என் வகுப்பிலும் வயிற்றுவலிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது திங்கட்கிழமைத் தாளுக்கு முன்னர்தான் வரும்.

சின்னக்கா, சட்டன் (பிற்பகல் 3.52)
மகள், இதை நீ எழுதியதற்கு நன்றி. என் மகனுக்கும் இதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டப்போகிறேன்.

தங்கச்சி, விசுவமடு (மாலை 5.20)
எல்லாவற்றையும் இவருக்கும் வாசித்துக் காட்டினேன். விடுமுறை வகுப்புக்கு அரைநாள் மட்டும், அதுவும் கிழமையில் மூன்று நாள் அனுப்புகிறோம் என்று ரியூசன் ஆசிரியரிடம் பேசினோம். முதலில் அவர் விரும்பவில்லை, பிறகு சம்மதித்தார். மகளிடம் சொன்னபோது, 'அப்போ நாளைக்குத் தாள் இல்லையா' என்று மூன்று தரம் கேட்டாள். வீட்டில் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஓர் ஒழுங்கு சொல்லுங்கள் அக்கா.

பெரியக்கா, முள்ளியவளை (மாலை 5.45)
இந்த வெயிலில் பதினொரு மணிக்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் மண்டையில் ஏறாது. காலையில் முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்ட பிறகு, ஏழு மணிக்கு இருத்து. முக்கால் மணித்தியாலம் போதும்: பத்து வினா, நேற்று விட்ட பிழை ஒன்று, அவ்வளவுதான். பின்னேரம் விளையாட விடு. இரவு படுக்க முன்னர் கதைப்புத்தகம் ஒன்றை நீயும் அவளும் மாறி மாறி ஒவ்வொரு பக்கம் வாசியுங்கள். பாடப்புத்தகத்தை அந்த நேரத்துக்குக் கொண்டுவராதே. வருடப்பிறப்பு அன்றும் அடுத்த நாளும் ஒன்றும் வேண்டாம். முழுத் தாளைக் கிழமைக்கு ஒரு தரம், சனிக்கிழமை காலையில், இரண்டு பகுதிக்கும் நடுவில் இடைவேளை விட்டுச் செய்விக்கலாம். புள்ளியைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவளே எழுதி வைத்துக்கொள்ளட்டும். சுவரில் ஒட்ட வேண்டாம். சட்டனில் இருப்பவனுக்கும் இதே ஒழுங்குதான், ஆனால் அங்கே குளிர் என்றபடியால் நேரத்தை நீயே பார்த்துக்கொள். அவனுக்கு ஆங்கில வாசிப்பைத்தான் கூட்ட வேண்டும். சொல்வளத்தைக் கடைசிக் கிழமைகளில் திணிக்க முடியாது.

இன்னொரு விடயம். பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போது வகுப்பு, கருத்தரங்கு, மாதிரித் தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்துவிடும். அந்த நாட்களில் யாராவது வட்ஸ்அப்பில் 'இது கட்டாயம் வரும்' என்று வினாக்களை அனுப்பினால் நீங்கள் யாரும் இந்தக் குழுவில் பகிரக் கூடாது.

தம்பி, முத்தையன்கட்டு (மாலை 6.10)
சரி பெரியக்கா. நாளைக்கு உரம் வாங்கக் கிளிநொச்சிக்குப் போகிறேன். திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு ஒன்றை மட்டும் வாங்கி வருகிறேன், வேறு மாதிரித் தாள் எடுக்கமாட்டேன். தங்கச்சி, வியாழக்கிழமை அதைக் கொண்டுவந்து தந்துவிட்டு, பிள்ளையை மோட்டார் சைக்கிளில் குளத்துக்குக் கூட்டிப் போகிறேன். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்து வை.

தங்கச்சி, விசுவமடு (மாலை 6.14)
எடுத்து வைக்கிறேன் அண்ணா. கொப்பியையும் கொண்டு வரலாமா என்று மகள் கேட்கிறாள்.

தம்பி, முத்தையன்கட்டு (மாலை 6.15)
கொண்டு வரட்டும். பென்சிலும் ஒன்று போதும்.