அப்டேட்: ட்ரெட்மில் சிஸ்டர் ஓடி முடிச்சிட்டாங்க!

சிக்காகோ மாரத்தான் கொரோனாவால கேன்சல் ஆனதால கான்வென்ட் பேஸ்மென்ட்லயே ட்ரெட்மில்ல முழு 42 கிமீ ஓடப்போறாங்கன்னு கன்னியாஸ்திரி சிஸ்டர் ஸ்டெஃபனி பலீகா பத்தி முன்னாடி போட்டேன்ல, முடிச்சிட்டாங்கப்பா! 2020 ஆகஸ்ட் 23 விடியக்காலை 4 மணிக்கு ஆரம்பிச்சு 3 மணி 33 நிமிஷத்துல. எனக்கெல்லாம் ட்ரெட்மில்ல பத்து நிமிஷத்துலயே போரடிச்சிரும். 2004 ஒலிம்பிக் மாரத்தான்ல வெண்கலம் வாங்குன டீனா காஸ்டர் ஜூம்ல வந்து உற்சாகப்படுத்துனாங்களாம்.

இந்த ஓட்டத்துக்காகத் திரட்டுன நன்கொடைப் பணம் எங்க போகுதுன்னு கேட்டவங்களுக்கு, 1 லட்சம் டாலரத் தாண்டிருச்சு, எல்லாம் அவங்க மிஷனுக்குத்தான், கஷ்டப்படுற குடும்பங்களுக்கு மளிகை சாமான், பசங்களுக்கு ஸ்கூல் விட்டப்புறம் பாத்துக்கிறது இந்த மாதிரி. 1958ல ஸ்கூல் தீ விபத்துல 92 பிள்ளைங்களும் 3 சிஸ்டர்ஸும் இறந்துபோனாங்களே, சிக்காகோவுல அந்த 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' சர்ச் பங்கு இருந்த இடத்துலதான் இந்த மிஷன் நடக்குது.