டீச்சர்களுக்காக ஒரு போன் பேசுவீர்களா?

கலிபோர்னியாவில் இருக்கும் பெற்றோர்களே, ஓர் அவசர உதவி. மாநில பட்ஜெட் நிறைவேற ஜூன் 15 வரை கெடு. ஆனால் ஆட்குறைப்பு நோட்டீஸைப் பள்ளி மாவட்டங்கள் மார்ச் 15க்குள்ளேயே கொடுத்தாக வேண்டும். எவ்வளவு பணம் வரும் என்று தெரியாமலே கொடுக்கிறார்கள். என் மகளைப் பக்கத்தில் உட்கார்த்தி, எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்கிய டீச்சருக்கும் வந்துவிட்டது. மனசே ஆறவில்லை. மே 15க்குள் இறுதி நோட்டீஸும் வந்துவிடும்.

உங்கள் பகுதி அசெம்பிளி உறுப்பினர், மாநில செனட்டர் இருவரின் அலுவலகத்துக்கும் இந்த வாரமே பேசுங்கள். பெயர், ஊர், பிள்ளை படிக்கும் வகுப்பு, "பள்ளி நிதியில் கை வைக்காதீர்கள், ஆசிரியர் வேலைகளைக் காப்பாற்றுங்கள்" என்ற கோரிக்கை, அவ்வளவு போதும். விசாவில் இருப்பவர்களும் தயங்க வேண்டாம், ஓட்டு இல்லாவிட்டாலும் பேசலாம். அப்புறம், நல்ல மாதிரிக் கடிதம் ஒன்றை யாராவது எழுதித் தர முடியுமா?