புதுப்பிப்பு: வாய்ப்புண்ணோடு சாப்பிடுவது, இரண்டு திருத்தங்கள்

புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க முந்தைய பதிவில் சொல்லியிருந்தேன். அளவைச் சொல்லாதது தவறு. உப்பு கூடினால் புண் காந்தும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன். சாப்பிட்டதும், படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்புங்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம்.

ஆறிய உணவில் வாடை குறையும், குமட்டலும் அடங்கும் என்றும் அதில் சொன்னேன். ஆனால் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுபவர்களுக்குக் குளிர்ந்தது எதுவும் ஆகாது: தொண்டை இறுகுவதுபோல் இருக்கும், விரல் மரக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே நீட்டிவிடாதீர்கள்.

தட்டைக் காலி செய்யச் சொல்லிக் கெஞ்சுவது, பாவம், நோயாளிக்குப் பாரம். இரண்டு மணிக்கொருமுறை நாலு வாய் போதும். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.