ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு கவுன்டி பதமாகுமா?

கதிர்வேலன்:
அமெரிக்க அதிபர் தேர்தலில் வெல்பவரையே ஒரு கவுன்டி, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற மாநில உட்பிரிவு, தொடர்ந்து தேர்ந்தெடுப்பதை வெறும் தற்செயல் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியானாவின் வீகோ கவுன்டி 1956 முதல் 2016 வரை நடந்த 16 தேர்தல்களிலும் வென்றவரின் பக்கமே நின்றது. அதற்கு முன்பும் 1888 தொடங்கி 1908, 1952 ஆகிய இரு முறைதான் பிசகியது. பல்கலைக்கழகமும் ஆலைகளும் தொழிற்சங்க மரபும் கொண்ட டெர்ரி ஹோட் நகரம் நடுவில், சோள வயல்கள் சுற்றிலும் என்று நாட்டின் பல முகங்கள் அங்கே ஒன்றாக வாழ்கின்றன.

மேகலை:
மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்டிகள் உள்ள நாட்டில், ஒவ்வொன்றும் நாணயத்தைச் சுண்டி முடிவெடுத்தாலும் பத்துத் தேர்தல்களில் ஏறத்தாழ மூன்று கவுன்டிகள் பிசகாமல் தேறிவிடும். தேறியவற்றைப் பிறகு பொறுக்கியெடுத்து அவற்றுக்கு ஞானம் இருப்பதாகச் சொல்கிறோம்.

கதிர்வேலன்:
உங்கள் கணக்குப்படி மூன்றுதானே தேற வேண்டும்? 1980 முதல் 2016 வரையிலான பத்துத் தேர்தல்களில் 19 கவுன்டிகள் தேறினவே!

மேகலை:
ரீகன் 49 மாநிலங்களை வென்ற 1984 போன்ற தேர்தலில் சரியாக வாக்களிப்பது எந்தக் கவுன்டிக்கும் கடினமன்று என்பதால் அந்த எண்ணிக்கை கூடியது. அந்த 19இல் 2020ஆம் ஆண்டு பைடனைத் தேர்ந்தெடுத்தது வாஷிங்டன் மாநிலத்தின் கிளாலம் ஒன்றே. வீகோ உட்பட மற்ற 18உம் டிரம்ப்பின் பக்கம் நின்றன. கிளாலமும் 2024இல் ஹாரிஸுக்கு வாக்களித்துத் தன் தொடரை முடித்துக்கொண்டது. 1964 முதல் பிசகாதிருந்த ஒஹாயோ மாநிலமும் 2020இல் தவறியது.

இளம்பரிதி:
கவுன்டிகளை விட்டு மாநிலங்களைப் பாருங்கள். விஸ்கான்சின் 2016இல் 22,000 சொச்சம் வாக்குகளில் டிரம்ப்புக்கும், 2020இல் 20,000 சொச்சத்தில் பைடனுக்கும், 2024இல் மீண்டும் டிரம்ப்புக்கும் சென்றது.

மேகலை:
அது வெற்றியைத் தீர்மானிக்கும் மாநிலங்களுள் ஒன்று, இளம்பரிதி அவர்களே. முன்னறிவிக்கும் மாநிலம் என்பது வேறு பொருள்.

கதிர்வேலன்:
வென்றவர் யார் என்பதை மட்டும் பார்ப்பது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீகோவில் 2012இல் ஒபாமா நூலிழையில் வென்றார். 2016இல் அங்கே டிரம்ப் ஏறத்தாழ 15 புள்ளிகள் முந்தினார். வாக்குப்பதிவு முதலில் முடியும் மாநிலங்களுள் இந்தியானாவும் ஒன்று என்பதால், அன்றிரவு விஸ்கான்சினில் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிக்கு நிகழவிருந்த சரிவை அந்த எண்ணிலேயே கண்டிருக்கலாம்.

மேகலை:
2016க்கு அது சரி. அதே கண்ணோடு 2020இல் வீகோவைப் பார்த்தவருக்கு எதுவும் பெரிதாக மாறவில்லை என்றே தோன்றியிருக்கும். கல்லூரிப் படிப்புள்ள வாக்காளர்கள் நிறைந்த அட்லாண்டாவின் புறநகர்களில் நிகழ்ந்த நகர்வு அங்கே தெரிய வழியே இல்லை; ஜார்ஜியா மாநிலம் பைடன் பக்கம் கைமாற அதுவும் ஒரு முக்கியக் காரணம்.