லியொன்டீன் பிரைஸ் மெற்றில் முதலில் ஆயீடாவாகப் பாடாதது ஏன்?

வெள்ளவத்தைத் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மேலைத்தேய வாய்ப்பாட்டுப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். நான் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளோடு வளர்ந்தவள்; மேலைத்தேய இசைநாடகமான ஒபெராவை அண்மைக்காலம் வரை காதுகொடுத்துக் கேட்டதில்லை. மகளுக்காகத் தேடப்போய், அமெரிக்க சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) பாடகி லியொன்டீன் பிரைஸ் 1985 ஜனவரி 3ஆம் திகதி நியூயோர்க்கின் மெற்றோபொலிட்டன் ஒபெரா அரங்கில் (சுருக்கமாக மெற்) இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ஆயீடா' ஒபெராவின் நாயகி ஆயீடாவாகப் பாடி விடைபெற்ற ஒளிப்பதிவைப் பார்த்தேன். மூன்றாம் அங்கத்தில், நைல் நதிக்கரையில் நின்று, தன் நாட்டை இனி ஒருபோதும் காணமாட்டேன் என்று அவர் பாடி முடித்ததும் சபையோர் நிமிடக்கணக்கில் கைதட்டுகிறார்கள். கொழும்பில் வாழும் நம்மில் பலருக்கு அந்தப் பாடலின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

என் ஐயம் இதுதான். 1957இல் சான் பிரான்சிஸ்கோவிலும், 1958இல் வியன்னாவிலும், 1960இல் மிலான் நகரின் லா ஸ்காலாவிலும் அவர் ஆயீடாவாகப் பாடியிருக்கிறார். ஆனால் 1961 ஜனவரி 27ஆம் திகதி மெற்றில் முதன்முதலாக மேடையேறியபோது வெர்டியின் 'இல் ட்ரொவடோரே'யில் லியொனோராவாக வந்திருக்கிறார். கைவந்த பாத்திரத்தை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தது தற்செயலா, அல்லது எண்ணிச் செய்ததா? மேலும், அவருடைய குரலைவிட நிறமும் காலமுமே அவருக்குப் புகழ் தேடித்தந்தன என்று என் அத்தான் வாதிடுகிறார். அது பிழை என்று மனம் சொன்னாலும் எனக்குத் தக்க பதில் சொல்லத் தெரியவில்லை.

பழைய இசைத்தட்டு எழுதியது:

சகோதரி, அது எண்ணிச் செய்ததே. 1958இலேயே மெற் நிருவாகம் அவரை ஆயீடாவாகப் பாட அழைத்திருந்தது, அவர் மறுத்துவிட்டார். தொலைக்காட்சி ஒபெராவில் அவருக்கு வாய்ப்பளித்த இசைநெறியாளர் பீட்டர் ஹேர்மன் அட்லர், அந்த மேடையில் அவருடைய முதற் காலடி ஓர் அடிமையின் காலடியாக இருக்கக்கூடாது, சீமாட்டியின் காலடியாக இருக்க வேண்டும் என்று ஆலோசனை சொன்னார். ஆயீடா எகிப்திய அரண்மனையில் அடிமையாகிப்போன எத்தியோப்பிய இளவரசி. கறுப்பினப் பாடகி ஒருவரை அந்த வேடத்தில் ஏற்றுவதால் எவருடைய மனமும் சங்கடப்படப் போவதில்லை. லியொனோராவோ ஸ்பானிய அரசவையைச் சேர்ந்த உயர்குலப் பெண். உலகின் மிகப் பெரிய ஒபெரா அரங்குகளுள் ஒன்று தேடிவந்து அழைக்கும்போது, முப்பத்தொரு வயதில், வேறு பாத்திரம் கிடைக்கும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தத் துணிவு செல்வத்தில் பிறந்ததன்று. 1927 பெப்ரவரி 10இல் மிசிசிப்பி மாநிலத்தின் லோரல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மர ஆலைத் தொழிலாளி. தாய் மருத்துவிச்சியாகப் பணியாற்றியபடி தேவாலயத்திலும் பாடியவர். வீட்டிலிருந்த கிராமபோனை ஈடாகக் கொடுத்து மகளுக்குப் பியானோ வாங்கிய பெற்றோர் அவர்கள். ஒன்பது வயதில் தாய் அவரை ஜாக்சன் நகருக்கு அழைத்துச் சென்று புகழ்பெற்ற கறுப்பினப் பாடகி மரியன் அன்டர்சனின் கச்சேரியைக் கேட்க வைத்தார். லோரலின் வசதிபடைத்த வெள்ளையினக் குடும்பமான சிஷோம் வீட்டில் அவருடைய உறவுப் பெண் ஒருவர் வேலை செய்தார்; அந்த வீட்டுத் தலைவி எலிசபெத் சிஷோம் சிறுமியின் பாட்டில் ஆர்வம் கொண்டு, பின்னாளில் ஜுலியாட் இசைப்பள்ளியில் கற்பதற்கும் பண உதவி செய்தார். ஒகையோ மாநிலத்தில் இசை ஆசிரியராவதற்கே அவர் முதலில் படித்தார். 1948இல் பட்டம் பெற்றதும் ஜுலியாட் செல்லப் பணம் திரட்டுவதற்காகப் பாடகர் போல் ரொப்சன் ஒரு கச்சேரி பாடிக்கொடுத்தார்.

ஜுலியாட்டில் வாய்த்த ஆசிரியை புளோரன்ஸ் பேஜ் கிம்பல், மாணவப் பருவம் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். நம்மவர் குரு என்று சொல்லும் உறவுக்கு அங்கே இதைவிட நெருங்கிய ஒன்றை நான் கண்டதில்லை. 1952 முதல் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'போர்கி அன்ட் பெஸ்' ஒபெராக் குழுவோடு அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றினார். உடன் பாடிய வில்லியம் வோர்ஃபீல்டையே மணந்தார். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. கறுப்பினப் பாடகர்களுக்கென்றே எழுதப்பட்ட அந்தப் படைப்போடு அவர் நின்றுவிட்டிருந்தால் அதுவே நல்ல பிழைப்பாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் குழுவோடு பாடிய காலத்திலேயே, 1953 ஒக்டோபரில், வொஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் 'ஹேர்மிட் சோங்ஸ்' என்ற பத்துப் பாடல்களையும், பார்பரே பியானோ வாசிக்க, முதன்முதலாகப் பாடி அரங்கேற்றினார். எனக்கு வைக்கப்பட்ட இடம் இது மட்டுமல்ல என்று அவர் சொல்லத் தொடங்கியது அங்கேதான் என்பது என் கருத்து. மெற்றில் மறுத்தது அதன் தொடர்ச்சி.

1961 ஜனவரி இரவில் என்ன நடந்தது என்பதை நீங்களும் வாசித்திருப்பீர்கள். உடன் பாடிய இத்தாலியப் பாடகர் பிராங்கோ கொரெல்லிக்கும் அதுவே மெற்றில் முதல் இரவு. இறுதியில் எழுந்த கரகோஷம் 42 நிமிடம் நீடித்தது என்றே வழங்கிவருகிறது. அந்த முதற் பருவத்திலேயே லியொனோரா, ஆயீடா, பட்டர்ஃப்ளை, லியூ, டொனா அன்னா என ஐந்து பாத்திரங்களைப் பாடிவிட்டார். ஆயீடாவை அவர் ஒதுக்கவில்லை. அது ஐந்தில் ஒன்றாக வரட்டும் என்று வைத்தார், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை வாசகன் எழுதியது:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் எல்லாமே முன்கூட்டித் தீட்டிய திட்டம் போல அவர் எழுதுவது எனக்குச் சற்று மிகையாகப் படுகிறது. 1961இன் இலையுதிர் பருவத்தை மெற் அரங்கு புச்சினியின் 'லா ஃபன்சியுல்லா டெல் வெஸ்ட்' ஒபெராவோடு தொடங்கியது. கலிபோர்னியாவின் தங்கச் சுரங்க முகாமில் மதுச்சாலை நடத்தும் மினி என்ற பெண்ணாக பிரைஸ் வந்தார். மெற்றின் பருவத் தொடக்க இரவில் தலைமைப் பாத்திரம் ஏற்ற முதற் கறுப்பினக் கலைஞர் அவரே. ஆனால் இரண்டாவது நிகழ்ச்சியின் நடுவில் குரல் அடைத்துப்போக, வரிகளைப் பேசியே ஒப்பேற்றினார். இறுதி அங்கத்தை இன்னொரு பாடகியான டொரதி கேர்ஸ்டன் பாடி முடித்தார். அத்தனை பாத்திரங்களை ஒரே ஆண்டில் தோளில் ஏற்றியதன் விளைவு அது என்றே கருதுகிறேன். வேண்டாம் என்று சொல்லும் கலையை அவர் முழுமையாகக் கற்றது இதன் பின்னரே.

1966 செப்டெம்பர் 16இல் லிங்கன் சென்ரரில் புதிய மெற் அரங்கு திறக்கப்பட்டபோது, அவருக்காகவே பார்பர் எழுதிய 'அன்டனி அன்ட் கிளியோபாட்ரா' மேடையேறியது. இயக்குநர் செஃபிரெல்லியின் பிரமாண்டமான காட்சியமைப்பில் சுழல்மேடை பழுதாகி, ஒத்திகையின்போது பாடகியே பிரமிட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டார். படைப்பை விமர்சகர்கள் ஏற்கவில்லை. அந்தப் பழி அவருடைய குரல்மேல் விழவில்லை. அதன் பின்னர் ஒபெரா மேடையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு தனிக் கச்சேரிகளைக் கூட்டினார்.

இனி உங்கள் அத்தானுக்கு. காலம் அவருக்குப் புகழைத் தட்டில் வைத்து நீட்டவில்லை. 1955 ஜனவரியில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் அவர் புச்சினியின் ஒபெரா நாயகி 'டொஸ்கா'வாகப் பாடியபோது, தென் மாநிலங்களின் சில நிலையங்கள் அதை ஒளிபரப்ப மறுத்தன. அதே மாதம் 7ஆம் திகதி மரியன் அன்டர்சன் மெற்றில் தனிப் பாத்திரம் ஏற்ற முதற் கறுப்பினப் பாடகியாக மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 57, குரலின் நல்ல காலம் கடந்துவிட்டிருந்தது. பிரைஸ் மெற்றின் ஒபெரா மேடையிலிருந்து விடைபெற்றபோதும் வயது 57தான். ஒருவர் நுழைய அனுமதிக்கப்பட்ட வயதில் மற்றவர் முழு வாழ்வையும் பாடி முடித்து வெளியேறினார். காலத்தின் பங்கு என்ன என்று அத்தான் கேட்டால், இந்த இரு பெண்களின் ஆண்டுகளையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். நிறத்துக்காகக் கைதட்டும் கூட்டம் ஓரிரவு தட்டும். 24 ஆண்டுகள் நுழைவுச்சீட்டு வாங்கி வராது.

பம்பலப்பிட்டி குரற்பயிற்சி ஆசிரியை எழுதியது:

வரலாற்றை மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். தங்கள் மகளுக்காக ஒன்றிரண்டு சொல்கிறேன். மெற்றின் இன்றைய அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள் உண்டு. பாடகர்கள் ஒலிவாங்கி இல்லாமலே, முழு வாத்தியக் குழுவின் மேலாக, கடைசி வரிசைவரை கேட்கப் பாடுகிறார்கள். இது கத்துவதால் வருவதன்று. தொண்டைக் குழியின் வடிவத்தைச் சீராக்கி, 3,000 ஹேட்ஸை அண்டிய அலைவெண்களில் குரலின் சக்தியைக் குவிப்பது பயிற்சி பெற்ற ஒபெராக் குரலின் இயல்பு. வாத்தியக் குழுவின் ஒலி அந்தப் பகுதியில் மெலிந்திருப்பதால் குரல் தனித்துக் கேட்கிறது. கொழும்பில் சிறிய மண்டபத்திலும் ஒலிவாங்கியை உதட்டருகே வைத்துப் பாடிப் பழகிய நமக்கு இது புதிது. (நமது மண்டபங்களின் ஒலியமைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த இழை முடியாது.)

பிரைஸின் குரல் லிரிக்கோ ஸ்பின்டோ என்னும் வகையைச் சேர்ந்தது. மென்மையாகவும் நீண்டும் பாடக்கூடியது, வேண்டியபோது வாத்தியங்களை ஊடறுக்கும் வலிமையும் கொண்டது. கீழ் ஸ்தாயியில் சற்றே புகைபடிந்த கம்மலும், மேலே போகப் போக வெளிச்சமும் இருக்கும். அந்த வலிமை வயதோடு முதிர்வது. ஆகவே நைல் நதிக்கரைப் பாடலை மகள் இப்போது கேட்கட்டும், பாட வேண்டாம். ஜுலியாட்டில் மாணவியாக இருந்தபோது பிரைஸ் பாடியதும் ஆயீடாவை அல்ல, வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' ஒபெராவில் வரும் குடும்பப் பெண்ணான திருமதி ஃபோர்டின் பாத்திரத்தையே.

வெள்ளவத்தைத் தாய் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அன்டர்சனின் வயதைச் சொன்னதும் அத்தான் பேச்சை மாற்றிவிட்டார். இன்னொன்று கேட்கலாமா? 1985இல் விடைபெற்றவர் அதன் பின்னரும் பாடியிருக்கிறாரே, அது எப்படி?

பழைய இசைத்தட்டு எழுதியது:

விடைபெற்றது ஒபெரா மேடையிலிருந்து மட்டும். தனிக் கச்சேரியில் பியானோ ஒன்றே துணை; பாடல்களையும் அவற்றின் வரிசையையும் பாடகியே தேர்கிறார்; அன்றைய குரல் எதைத் தாங்குமோ அதைப் பாடலாம். இவ்வகையில் 1997வரை பாடினார். கச்சேரியின் கடைப்பகுதியில் கறுப்பின மக்களின் ஆன்மீகப் பாடல்கள் வரும். ஓய்வுக்குப் பின்னும் 2001 ஒக்டோபரில், செப்டெம்பர் தாக்குதலில் இறந்தோரின் நினைவாக கார்னகி மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சியில், 74 வயதில் பாடினார்.

கொட்டாஞ்சேனை நண்பர் சொன்னதை ஒரு பங்கு ஏற்கிறேன். 1961இன் அந்தச் சறுக்கலை நான் சொல்லாமல் விட்டிருக்கக்கூடாது. மகளுக்குக் கேட்கக் கொடுப்பதற்கு 1985 ஒளிப்பதிவை முதலாவதாக வைக்காதீர்கள். இசைநெறியாளர் சொல்ட்டியின் நெறியாள்கையில் அறுபதுகளின் தொடக்கத்தில் ரோமில் பதிவான ஆயீடாவையும், 1962இல் இசைநெறியாளர் கராயனோடு வியன்னாவில் பதிவுசெய்த 'டொஸ்கா'வையும் முதலில் கேட்கட்டும். என் தெரிவு இரண்டாவதே. ஆயீடா ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.